பெயர் மறைத்தோர் அவை: குடியிலிருந்து மீள்வோர் கூட்டங்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மதுவொழிப்பு என்னும் சொல்லைக் கேட்டதும் இலங்கை வரலாறு பயின்றோர் மனத்தில் 1904ஆம் ஆண்டிலும் 1912ஆம் ஆண்டிலும் எழுந்த இயக்கங்களே முதலில் தோன்றும். தவறணைகளைப் பெருக்கி வருவாய் தேடிய குடியேற்ற அரசின் மதுவரிக் கொள்கைக்கு எதிராகத் தோன்றிய அவ்வியக்கங்கள், பிற்காலத் தேசியத் தலைவர் பலருக்கு முதற் பயிற்சிக் களமாக அமைந்தன என்பதை நாம் அறிவோம். கூட்டங்கள் கூடின, உறுதிமொழிகள் எடுக்கப்பட்டன, தவறணைகளை மூடுமாறு கோரிக்கைகள் எழுந்தன. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. அக்கூட்டங்களிலே குடிகாரனுக்கு உரிய இடம் யாது? மேடையில் நின்று பேசியோர் பெரும்பாலும் குடியை அறியாத கனவான்கள். யார் பொருட்டு இத்தனை முயற்சியும் மேற்கொள்ளப்பட்டதோ அவன் தவறணையிலேயே இருந்தான்.

இக்குறை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மதுவொழிப்பு இயக்கங்கள் பலவற்றிற்கும் பொதுவானது. ஆகவே இக்கட்டுரை மதுவொழிப்பைப் பற்றியதன்று. குடிக்கு அடிமைப்பட்ட ஒருவன் தன்னையொத்தோர் கூடும் சிறு கூட்டமொன்றைத் தேடிக் கண்டு, அதனுட் சென்று அமரும் வழக்கம் எவ்வாறு தோன்றி நிலைபெற்றது என்பதே இங்கு ஆராயப்படுகிறது. இவ்வழக்கத்தின் அடியில் முரண்பாடொன்று உண்டு. குடியால் அவமானமுற்றவன் தன் பெயர் வெளிப்படுவதை அஞ்சுகிறான். ஆதலின் கூட்டம் மறைவாக இருத்தல் வேண்டும். மறைவான கூட்டத்தைப் புதிதாக வருபவன் எங்ஙனம் கண்டடைவான்? ஆளை மறைத்து வாசலை வெளிப்படுத்துதல் என்னும் விடை எளியதாகத் தோன்றலாம். ஆனால் அதனைக் கண்டறிய ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் கால அனுபவம் தேவைப்பட்டது.

தவறணையிற் பிறந்த சங்கம்

1826ஆம் ஆண்டிற் பொஸ்ரன் நகரில் அமைக்கப்பட்ட அமெரிக்க மதுவொழிப்புச் சங்கம் குடியாதவரைக் குடியாதவராகவே காத்தலைத் தன் நோக்கமாகக் கொண்டிருந்தது. ஏற்கெனவே குடியில் வீழ்ந்தோர் காலப்போக்கில் இறந்தொழிவர்; அதன்பின் நாடு தூய்மையடையும் என்பது அதன் முன்னோடிகள் வெளிப்படையாகவே கூறிய கருத்தாகும்.

இந்நிலையில் 1840ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே பால்ற்றிமோர் நகரின் தவறணையொன்றில் வழக்கமாகக் கூடிக் குடித்துவந்த அறுவர் புதியதொரு சங்கத்தை அமைத்தனர். அவர்கள் கற்றோருமல்லர், செல்வருமல்லர். தையற்காரர், தச்சர், கொல்லர், சில்லுச் செய்பவர், வண்டி செய்பவர், வெள்ளி வேலை செய்பவர் எனக் கைத்தொழிலால் வாழ்ந்தவர்கள். மதுவொழிப்புச் சொற்பொழிவொன்றைக் கேட்டுவருமாறு தம்முட் சிலரை அனுப்பினர் என்றும், அதன் விளைவாகவே குடியை விட முடிவுசெய்தனர் என்றும் கூறப்படுகிறது. தம் சங்கத்திற்கு நாட்டின் முதற் சனாதிபதியின் பெயரைச் சூட்டினர். சேர்வதற்கு 25 சதமும் மாதந்தோறும் பன்னிரண்டரைச் சதமும் கட்டணமாக விதித்தனர்.

வாஷிங்டன் சங்கத்தின் கூட்டத்திலே சொற்பொழிவு இல்லை; அனுபவம் கூறலே உண்டு. தான் எவ்வாறு குடித்தான், எதனை இழந்தான், எவ்வாறு விட்டான் என்பவற்றை ஒருவன் எழுந்து சொல்வான். கேட்டிருக்கும் குடிகாரன், இது தன் கதையேயன்றோ என வியப்பான். 1840ஆம் ஆண்டு யூன் மாதத்திற் சேர்ந்த தொப்பி செய்பவரான ஜோன் ஹோக்கின்ஸ், அடுத்த ஆண்டிலே நியூயோர்க் சென்று பெருங்கூட்டங்களில் தன் கதையைக் கூறினார். இலட்சக்கணக்கானோர் உறுதிமொழியிற் கையொப்பமிட்டதாகச் சொல்லப்பட்டது. பெண்களுக்கென மார்த்தா வாஷிங்டன் சங்கங்கள் தோன்றின. 1842ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள் ஸ்பிறிங்பீல்ட் நகரின் வாஷிங்டன் சங்கத்திலே உரையாற்றிய இளம் சட்டத்தரணியான ஆபிரகாம் லிங்கன், பழைய இயக்கத்தார் தோல்வியுற்றமைக்குக் குடிகாரனைப் பழித்ததே காரணம் என எடுத்துக்காட்டினார். மீண்டெழுந்த குடிகாரனே மற்றொரு குடிகாரனிடம் பேசத் தகுந்தவன் என்னும் உண்மை அன்றே உணரப்பட்டுவிட்டது எனலாம்.

ஆயினும் பத்தாண்டு நிறைவெய்துமுன்னரே இவ்வியக்கம் பெரும்பாலும் மறைந்துபோயிற்று. காரணங்கள் பல. மதுவைச் சட்டத்தினால் தடுப்பதா அறிவுரையினால் தடுப்பதா என்னும் பிணக்கினுள் அது இழுபட்டது. சமயத் தலைவர்களோடு முரண்பட்டது. உறுதிமொழியிற் கையொப்பமிட்டவன் மறுநாட் காலையில் என் செய்வது என்பதற்கு அதனிடம் தெளிவான விடை இருக்கவில்லை. இவற்றினும் ஆழமான காரணமொன்றும் உண்டு. அனுபவம் கூறல் நாளடைவில் மேடைக் காட்சியாக மாறியது. மீண்டவன் புகழ்பெற்ற பேச்சாளனானான். அவர்களுள் தலைசிறந்தவரான ஜோன் கொஃப் 1845ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலே பல நாள் காணாமற்போய்ப் பின்னர் கண்டெடுக்கப்பட்டபோது, பத்திரிகைகள் அதனை நாடறியச் செய்தன. அவர் மீண்டும் எழுந்தார் என்பது உண்மையே. ஆனால் ஒருவருடைய பெயரோடு இயக்கத்தின் பெயரையும் பிணைத்துவிட்டால், அவர் வழுக்கும்போது இயக்கமும் வழுக்கும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

நோயாளியைத் தேடிய நோயாளி

1920ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கு 1933ஆம் ஆண்டு டிசெம்பரில் நீக்கப்பட்டது. சட்டத்தினாற் குடியை ஒழிக்க எடுத்த பெருமுயற்சி முடிந்து ஓராண்டு கழிந்த வேளையில், 1934ஆம் ஆண்டு டிசெம்பரிலே, நியூயோர்க்கின் ரவுன்ஸ் வைத்தியசாலையில் வில்லியம் வில்சன் என்னும் பங்குச் சந்தைத் தரகர் தன் கடைசிக் குடியிலிருந்து தெளிந்தார். ஒக்ஸ்போட் குழு எனப்பட்ட கிறிஸ்தவ இயக்கத்திலே சேர்ந்து குடியை விட்டிருந்த பழைய நண்பர் ஒருவரே அவருக்கு வழிகாட்டியவர். அதன்பின் பல மாதங்களாக வில்சன் வேறு குடிகாரர்களை மீட்க முயன்றார், ஒருவரேனும் மீளவில்லை. உபதேசத்தை நிறுத்திவிட்டு நோயின் தன்மையை எடுத்துச் சொல்லுமாறு வைத்தியர் சில்க்வேத் அவருக்கு அறிவுறுத்தினார்.

1935ஆம் ஆண்டு மே மாதத்தில் வணிக அலுவலொன்றின் பொருட்டு ஒஹையோ மாநிலத்தின் அக்றன் நகருக்குச் சென்ற வில்சன், அம்முயற்சி தோல்வியுறவே மேபிளவர் ஹோட்டலின் முன்மண்டபத்தில் தனியே நின்றார். ஒரு புறத்திலே மதுச்சாலையின் ஆரவாரம். மறு புறத்திலே தொலைபேசியும் நகரத் தேவாலயங்களின் பெயர்ப் பட்டியலும். அவர் பட்டியலிலிருந்து ஒரு குருவானவரைத் தெரிந்து அழைத்தார். அவர் கொடுத்த பெயர்களின் வழியே இறுதியில் ஹென்றியெற்றா சைபர்லிங் என்னும் பெண்மணியின் தொடர்பு கிடைத்தது. அவரது இல்லத்தில் மே மாதம் 12ஆம் நாள் மாலை, குடியினால் தொழிலையே இழக்கும் நிலையிலிருந்த சத்திரசிகிச்சை நிபுணரான றொபேட் ஸ்மித்தை வில்சன் சந்தித்தார். பதினைந்து நிமிடமே இருப்பேன் என்ற நிபந்தனையோடு வந்த வைத்தியர், ஆறு மணித்தியாலத்திற்கு மேல் அங்கு அமர்ந்திருந்தார்.

இச்சந்திப்பின் சிறப்பு யாதெனில், தேடிச் சென்றவர் குடியை விட்டவர்; தேடப்பட்டவர் குடித்துக்கொண்டிருந்தவர் என்பதாகும். வில்சன் அன்று தேடியது தன்னைக் காக்கும் மருந்தை. அம்மருந்தோ இன்னொரு நோயாளியின் வடிவில் இருந்தது. கொடுப்போன், பெறுவோன் என்னும் வேறுபாடு இங்கு அற்றுப்போகிறது. ஸ்மித் ஒருமுறை மீண்டும் வீழ்ந்தார். 1935ஆம் ஆண்டு யூன் 10ஆம் நாள், சத்திரசிகிச்சைக்குச் செல்லுமுன் கை நடுக்கம் தீரக் குடித்த பியரே அவரது கடைசி மதுவாயிற்று. அந்நாளே பின்னர் 'அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்' அமைப்பின் தோற்ற நாளாகக் கொள்ளப்பட்டது. பெயர் வெளியிடாத குடிநோயாளர் என்பது இதன் பொருள்.

வாசலைக் காட்டிய வழிகள்

ஆரம்ப ஆண்டுகளிலே புதியவன் கூட்டத்தைத் தேடி வந்தான் அல்லன். கூட்டமே அவனைத் தேடிச் சென்றது. அக்றனில் வைத்தியசாலைக் கட்டிலருகே மூவர் நால்வர் ஒருவர்பின் ஒருவராக வந்து தம் கதையைக் கூறுவர். அதன் பின்னரே நோயாளி புதன்கிழமைக் கூட்டத்திற்கு அழைத்துச் செல்லப்படுவான். நியூயோர்க்கில் வில்சனும் மனைவி லோயிசும் வாழ்ந்த புறூக்லின் வீட்டிலே கூட்டம் நடந்தது. நான்காண்டு முயற்சியின் பின்னும் இரு நகரங்களிலும் தெளிந்திருந்தோர் தொகை ஏறத்தாழ நூறே.

1939ஆம் ஆண்டு மூன்று வகையிலே திருப்புமுனையாயிற்று. முதலாவதாக, ஏப்ரல் மாதத்திலே அமைப்பின் பெயரையே தலைப்பாகக் கொண்ட நூல் வெளிவந்தது. அதனைப் படித்தோர் நியூயோர்க்கிலுள்ள தபாற் பெட்டி எண்ணொன்றிற்கு எழுதலாயினர். தம் ஊரிலே கூட்டமில்லாதவர், நூலை வழிகாட்டியாகக் கொண்டு தாமே ஒன்றைத் தொடங்கலாயினர். இரண்டாவதாக, மே மாதத்திலே கிளீவ்லாந்து நகரத்தார் ஒக்ஸ்போட் குழுவினின்றும் பிரிந்து, அமைப்பின் பெயரிலேயே தனிக்கூட்டம் நடத்தினர். அவருட் பலர் கத்தோலிக்கர். வேறொரு சமயக் குழுவின் வழிபாட்டிலே பங்குகொள்வது அவர்களுக்கு இடர்ப்பாடாக இருந்தமை இப்பிரிவிற்கு ஒரு காரணமாகும். மூன்றாவதாக, அவ்வாண்டின் இறுதியிலே அந்நகரின் 'பிளெயின் டீலர்' நாளிதழ் தொடர்கட்டுரைகளை வெளியிட, உதவி வேண்டி அழைப்புகள் குவிந்தன. பழையவர் தொகை சிறிது. புதியவர் தொகை பெரிது. ஆகவே சில வாரங்களே குடியாதிருந்தவன்கூட மறுநாள் வந்தவனுக்குத் துணைவனாக்கப்பட்டான். ஒவ்வொருவனுக்கும் ஒரு துணைவன் என்னும் முறை இவ்வாறு தேவையின் அழுத்தத்தால் உறுதிபெற்றது.

1941ஆம் ஆண்டு மார்ச் முதலாம் நாள் 'சற்றடே ஈவினிங் போஸ்ற்' வார இதழிலே ஜக் அலெக்சாண்டரின் கட்டுரை வெளிவந்தபோது உறுப்பினர் தொகை இரண்டாயிரமளவில் இருந்தது, ஆண்டிறுதியில் எண்ணாயிரமாயிற்று. இனி ஒவ்வொரு புதியவனையும் கட்டிலருகே சென்று அழைத்துவருதல் இயலாது. பெருநகரங்களிற் குழுக்கள் ஒன்றிணைந்து சிறு அலுவலகங்களை அமைத்தன. தொலைபேசி விபரக்கொத்திலே எண் இடம்பெற்றது. மறுமுனையிற் பேசுபவரும் பெரும்பாலும் குடியிலிருந்து மீண்டவரே. கூட்டப் பட்டியல்கள் அச்சிடப்பட்டன. நாள், மணி, தெரு, எவரும் வரக்கூடிய திறந்த கூட்டமா, குடிநோயாளர்க்கு மட்டுமுரிய மூடிய கூட்டமா என்ற குறி ஆகியனவே அவற்றில் இருந்தன. எந்த உறுப்பினரின் பெயரும் இல்லை. தேவாலயத்தின் நிலவறையோ மண்டபமோ வாடகைக்குப் பெறப்பட்டது. கூடுவது இன்ன சமயத்தார் என்பது அதன் பொருளன்று. பின்னாளிற் பயணிகள் கப்பல்களின் அன்றாட நிகழ்ச்சி நிரலிலே 'பில்லின் நண்பர்கள்' கூடும் அறையும் நேரமும் குறிக்கப்படும் வழக்கம் ஏற்பட்டது. பில் என்பது வில்சனின் செல்லப்பெயர். அறிந்தவர்க்கு அது வழிகாட்டி. அறியாதவர்க்கு வெறுஞ் சொல். முன்னர் கூறிய முரண்பாட்டிற்கு இதனினும் சுருக்கமான தீர்வைக் காண்டல் அரிது.

அறையின் ஒழுங்கு

வந்தவன் உள்ளே காண்பது யாது? சில நாற்காலிகள், கோப்பி, முன்னாற் பேசுவோருக்கு ஒரு மேசை. வாசலிற் பெயர் பதிவதில்லை. தலைமை தாங்குபவர் நிலையான தலைவரல்லர். பொறுப்புகள் சுழற்சி முறையிற் கைமாறும். பேசுபவர் தம் முதற்பெயரைக் கூறித் தாம் குடிநோயாளர் என்பார். ஒருவர் பேசுகையிற் குறுக்கிட்டு அறிவுரை கூறுவது பல குழுக்களில் வழக்கமில்லை. புதியவன் பேசாமலே இருக்கலாம். உண்டியல் சுற்றிவரும், முதன்முறை வந்தவன் அதிற் காசிட வேண்டியதில்லை. கூட்டம் முடிந்ததும் யாரேனும் ஒருவர் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்து, குடிக்குமுன் அழைக்குமாறு சொல்வார். ஆயுள் முழுவதற்குமான உறுதிமொழி கேட்கப்படுவதில்லை. இன்றைய ஒரு நாளே பேச்சு. வாஷிங்டன் சங்கத்தார் விடையின்றி விட்ட மறுநாட் காலைக்கு இங்கு விடை உண்டு: இன்று மாலையும் ஒரு கூட்டம் இருக்கிறது.

இவ்வொழுங்கின் பின்னணியிலே இருப்பன 1946ஆம் ஆண்டில் 'கிரேப்வைன்' இதழில் வெளியிடப்பட்டு, 1950ஆம் ஆண்டு கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்கப்பட்ட பன்னிரு மரபுகளாகும். அவை பட்டறிவிற் பிறந்தவை. ஆரம்பத்திற் குழுக்கள் தத்தம் விருப்பப்படி சேர்க்கை விதிகளை வகுத்தன. அவற்றையெல்லாம் திரட்டி நோக்கியபோது, அவையனைத்தும் நடைமுறைக்கு வரின் எவருமே உறுப்பினராக முடியாது என்று தெரிந்ததாக வில்சன் எழுதியுள்ளார். ஆகவே குடியை விடவேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே தகுதியெனக் கொள்ளப்பட்டது. பணத்தைப் பொறுத்தும் இவ்வாறே. 1938ஆம் ஆண்டில் இளைய ஜோன் றொக்பெல்லரிடம் பெருந்தொகை எதிர்பார்க்கப்பட்டது. அவரோ ஐயாயிரம் டொலர் மட்டும் உதவி, பணமே இவ்வியக்கத்தைக் கெடுத்துவிடும் என அஞ்சினார். பின்னர் வெளியார் நன்கொடையை ஏலாமை மரபாயிற்று. 1940ஆம் ஆண்டிலே பேஸ்போல் ஆட்டக்காரர் ஒருவர் தம் மீட்சியைப் பெயரோடு பத்திரிகைகளுக்குக் கூறியபோது எழுந்த விவாதம், அச்சிலும் வானொலியிலும் திரைப்படத்திலும் பெயர் வெளியிடாமை என்ற மரபிற்கு வித்திட்டது. வெளி விவகாரங்களிற் கருத்துக் கூறாமை என்னும் பத்தாவது மரபை விளக்குமிடத்து, வாஷிங்டன் சங்கத்தின் வீழ்ச்சியே எச்சரிக்கையாக எடுத்துக்காட்டப்படுகிறது. வரலாற்றிலிருந்து பாடம் கற்ற இயக்கங்கள் சிலவே. அச்சிலவற்றுள் இதனையும் சேர்த்தல் தகும்.

குறைகளும் மாற்றுவழிகளும்

இவ்வாசல் எல்லோர்க்கும் ஒரேயளவு திறந்திருந்ததெனக் கொள்ளுதல் தவறாகும். தொடக்கக் குழுக்கள் பெண்களை ஐயத்தோடு நோக்கின. மாட்டி மான் போன்றோர் 1939ஆம் ஆண்டளவிற் சேர்ந்து நிலைத்தமையாலேயே அவ்வையம் தளர்ந்தது. நிறவேற்றுமை ஆட்சிபுரிந்த நகரங்களிலே கறுப்பின மக்கள் 1940களில் தமக்கெனத் தனிக்குழுக்களை அமைக்க வேண்டியதாயிற்று. பன்னிரு படிகளிலே கடவுள் இடம்பெறுதல் நம்பிக்கையற்றோரைத் தடுத்தது. 1970களின் நடுப்பகுதியிலே ஜீன் கேர்க்பற்றிக் பெண்களுக்கெனத் தனியமைப்பை நிறுவியமைக்கும், 1994ஆம் ஆண்டில் 'ஸ்மார்ட் றிக்கவரி' என்னும் சமயச் சார்பற்ற அமைப்பு அப்பெயரோடு இயங்கத் தொடங்கியமைக்கும் இக்குறைகள் காரணமாயின. தானாக விரும்பித் தேடி வருதலையே அடித்தளமாகக் கொண்ட கூட்டங்களுக்கு நீதிமன்றங்களும் சிறைச்சாலைகளும் ஆட்களைக் கட்டாயமாக அனுப்பத் தொடங்கியமை மற்றொரு சிக்கல். 1996ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலத்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம், நாத்திகரான கைதியொருவரின் வழக்கிலே, அத்தகைய கட்டாயம் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது.

பயன் பற்றிய ஐயமும் நெடுங்காலம் நிலவியது. பெயர் பதியாத அமைப்பை அளந்தறிதல் எளிதன்று. 2020ஆம் ஆண்டிலே வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு 27 ஆய்வுகளையும் 10,565 பங்குபற்றுநரையும் நோக்கி, இக்கூட்டங்களிற் பங்குகொள்ளுமாறு முறையாக ஊக்குவிக்கும் சிகிச்சை, தொடர்ந்து குடியாதிருத்தலைப் பொறுத்தவரை ஏனைய உளவியற் சிகிச்சைகளிலும் மேம்பட்டது என முடிவுகண்டது. அதே ஆண்டிற் கொள்ளைநோய் கூட்ட அறைகளை மூடச் செய்ய, கூட்டங்கள் தொலைபேசியிலும் கணினித் திரையிலும் கூடின. வீட்டிலிருந்தபடியே கூட்டத்தைக் கண்டடைய முடிந்தது. கோப்பியும், வாசலிற் கைகுலுக்கலும் அங்கு இல்லாது போயின.

யப்பானில் 1963ஆம் ஆண்டு நாடளாவிய அமைப்பாக ஒன்றிணைந்த 'டன்ஷுக்காய்' சங்கம் இவ்விடத்து ஒப்பு நோக்கற்பாலது. அமெரிக்க முறையிலிருந்து கற்றுக்கொண்டும் அச்சங்கம் பெயரை மறைக்கவில்லை; உறுப்பினர் கட்டணம் செலுத்துவர்; மனைவியரும் குடும்பத்தினரும் உடன் வந்தமர்ந்து தம் துயரையும் கூறுவர். அமெரிக்காவிலும் குடும்பத்தினரின் துயர் உணரப்படாமலில்லை. 1951ஆம் ஆண்டிலே லோயிஸ் வில்சன் முதலியோர் அவர்களுக்கென 'அல்-அனோன்' அமைப்பைத் தொடங்கினர். ஆனால் அது வேறோர் அறை. யப்பானியர் ஒரே அறையில் இருவரையும் இருத்தினர். ஆகவே பெயர் மறைத்தல் மீட்சியின் ஒரே வழியன்று. தனிமனிதன் அயலாரை அறியாது வாழக்கூடிய பெருநகரச் சமுதாயத்திற்கு ஏற்ற ஒரு வழி எனலாம்.

இவ்வொப்பீடு நம் சமுதாயத்தையும் எண்ணிப்பார்க்கத் தூண்டுகிறது. ஒழுங்கைக்கு ஒழுங்கை உறவினர் வாழும் கிராமத்திலே, ஊரறிந்த குடிகாரனுக்கு மறைப்பதற்குப் பெயர் ஏது என்று கேட்கலாம். இக்கேள்வி நியாயமானதே, ஆயினும் முழுமையானதன்று. அவன் குடிப்பதை ஊர் அறியும்; அதனை அவன் மறைக்கவும் முயல்வதில்லை. அவன் மறைக்க விரும்புவது குடியை விட முயல்வதையே. விட்டேன் என்று ஊரறியச் சொல்லி மீண்டும் வீழ்ந்தவனுக்கு நேரும் ஏளனம், குடித்ததனால் நேர்ந்த ஏளனத்தினும் கொடியது. 1845ஆம் ஆண்டிற் கொஃப் அனுபவித்தது அதுவே. பெயர் மறைத்தல் என்னும் மரபு காப்பது ஒருவனுடைய கடந்தகாலக் குடியை அன்று. தோற்று மீண்டும் வருவதற்கு அவனுக்குள்ள உரிமையையே அது காக்கிறது. மதுவொழிப்பு மேடைகளைப் பல தலைமுறைகளாக அமைத்துவந்த நாம், அத்தகைய உரிமையோடு ஒருவன் வந்தமரக்கூடிய அறைகள் நம் ஊர்களில் எத்தனை உள்ளன என்று எண்ணிப்பார்த்தல் வேண்டும். அவ்வறை ஒன்றை அமைப்பதற்கு மண்டபமும் வேண்டாம், பணமும் வேண்டாம் என்பதையே அக்றன் நகர வரலாறு உணர்த்துகிறது. ஒருவரையொருவர் பழியாது கேட்கும் இருவர் போதும்.